சொதிக்குள் இசப்கோல்

நவம்பர் 10, திங்கள்

விடிய முதல் தூறல். முற்றம் செஞ்சேறு. செருப்பு ஒன்று புதைந்து வாரறுந்தது. மலரை ஆஸ்பத்திரியால் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கிழமை. இன்றும் இல்லை.

'இல்லை' என்றால் என்ன என்பதை இதிலாவது எழுதலாம். வாசிக்க ஒருவரும் இல்லை. என் மனைவிக்கு மலம் போகவில்லை. எழுதியாயிற்று. இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் இந்தச் சொல்லை நாங்கள் ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. அவள் வயிறு ஒரு மாதிரிக் கிடக்கு என்பாள். நான் "ம்" என்பேன். அதோடு கதை முடியும்.

கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு முறிவு. ஒப்பரேஷன். உள்ளே தகடு. வலிக் குளிசை, இரும்புச்சத்துக் குளிசை, சுண்ணாம்புச்சத்துக் குளிசை. இவை வயிற்றை இறுக்கும் என்று வீட்டுக்கு விடும்போதே சொன்னார்கள். காலை நிலத்தில் ஊன்றக்கூடாது. கக்கூஸ் பின்வளவில், வேலியோரம். ஆகவே கட்டிலுக்குப் பக்கத்தில், நடுவில் ஓட்டை வைத்த கதிரை ஒன்று, இரவல். கீழே வாளி. வாளி என் பொறுப்பு. அயல் வீட்டுப் புவனம் உதவிக்கு வருகிறேன் என்றாள். வேறு ஆளே வேண்டாம் என்று மலர் சொல்லிவிட்டாள்.

போன வருடம் கனடாவிலிருந்து வந்து நின்ற மகள் சுகி, வீட்டுக்குள் ஒரு கக்கூஸ் கட்டுவோம் என்று கேட்டாள். சாமியறை இருக்கிற வீட்டுக்குள் அது சரிவராது என்று நான்தான் மறுத்தேன். இப்போது கக்கூஸ் கட்டிலடிக்கே வந்துவிட்டது. சிரிப்பு வரவேண்டும். வரவில்லை.

வாளி இன்று மூன்று தரம், சலம் மட்டும். மூன்று தரமும் கிணற்றடி, தலைமுழுக்கு. தீட்சை பெற்றவன், இரண்டு நேரமும் விளக்கு வைப்பவன். வாளி தொட்ட உடம்போடு சாமியறைக்குள் கால் வைக்க மாட்டேன். குழாய்த் தண்ணீரும் எனக்குச் சரிவராது, கப்பியில் இழுத்த தண்ணீர்தான். பின்னேரம் கொஞ்சம் இருமல்.

நவம்பர் 11, செவ்வாய்

சுகி தொலைபேசியில் ஒரே அறிவுரை. அம்மாவுக்கு நார்ச்சத்து குடுங்கோ. ஊர் முழுக்க உதைப்பற்றிக் கூட்டம் வைத்தது நீங்கள்தானே.

உண்மை. ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர். குரக்கனின் பெருமையை உரும்பிராயிலும் பேசியிருக்கிறேன், கொடிகாமத்திலும் பேசியிருக்கிறேன். ஒரு நாளும் அவித்ததில்லை.

வாங்க: குரக்கன் மா. வல்லாரை. பப்பாப்பழம். தவிட்டுப் பாண். சவர்க்காரம். செருப்பு. (முருங்கையிலை வேலியில் நிற்கிறது.)

மலர் வீட்டுக்கு வந்த நாள் முதல் சாப்பிடுவது கடை இடியப்பம், அதுவும் வெள்ளை மா, அதற்குச் சொதி. மற்ற நேரம் தேத்தண்ணிக்குள் தோய்த்த விசுக்கோத்து. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் விசுக்கோத்துப் பெட்டியோடுதான் வருகிறார்கள். அலுமாரி நிறைந்துவிட்டது. கீரையோடு வந்த ஒருவரைக் காணவில்லை.

மத்தியானம் குரக்கன் புட்டு அவித்தேன். மாவுக்குள் தண்ணீர் கூடிவிட்டது. நீத்துப்பெட்டியில் இருந்து புட்டு முழுதாகக் கழன்று கோப்பையில் விழுந்தபோது சத்தம் கேட்டது. மலர் ஒரு விரலால் அமத்திப் பார்த்தாள்.

"உதாலை மதில் கட்டலாம்," என்றாள்.

நான் விடவில்லை. நார்ச்சத்து குடலில் என்ன செய்யும், வெள்ளை மா என்ன செய்யும், எல்லாம் விளங்கப்படுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கடைசியில் கூட்டம் முடிந்ததா என்று விசாரித்தாள். கோபம் வந்தது. புட்டை நானே சாப்பிட்டேன். மதில்தான்.

இன்றும் இல்லை.

நவம்பர் 12, புதன்

மழை. முருங்கையிலை வறை செய்தேன், காம்பு சரியாக நீக்கவில்லை. ஒரு வாய் வாங்கிவிட்டுக் கோப்பையைத் தள்ளினாள். பப்பாப்பழம் மணக்குதாம். தவிட்டுப் பாண் தொண்டைக்குள் இறங்காதாம். சின்னப் பிள்ளையென்றால் மடியில் வைத்துத் தீத்தலாம். இது ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பிள்ளை.

மருந்துக் கடையில் நார்ச்சத்துக்கு இசப்கோல் உமி வாங்கிவந்தேன். வெளியே சொல்லிக் கொடுத்தால் குடிக்கமாட்டாள். சொதிக்குள் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினேன். சுவை ஒன்றும் இல்லை, மணமும் இல்லை, ஆர் அறிவார் என்று நினைத்தேன். இடியப்பம் எடுத்துவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் சொதி பசை. கரண்டி நிமிர்ந்து நிற்கிறது. தேங்காய்ப்பால் திரைஞ்சு போச்சு என்று சொல்லி வேலியடியில் ஊற்றினேன். பொய் சொன்னபோது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனிக் கஞ்சிக்குள் போடவேண்டும். கஞ்சி இயல்பிலேயே தடிப்பு.

பெட்டியில் எழுதியிருக்கிறது: நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். கட்டிலடியில் பெரிய செம்பில் வைத்தேன். பின்னேரம் பார்த்தேன், செம்பு வெறுமை. சொல் கேட்கிறாள். வாளி இன்று இரண்டு தரம்தான்.

நவம்பர் 13, வியாழன்

பாற்கஞ்சிக்குள் போட்டேன். பனங்கட்டி கொஞ்சம் கூட. முழுதும் குடித்தாள். நல்லாயிருக்கு என்றும் சொன்னாள். இந்தக் கஞ்சியை நான் அவளுக்குச் செய்த முதல் நல்ல சாப்பாடாக நினைத்திருப்பாள். ஏமாற்றுகிறேன் என்று உறுத்தியது. நன்மைக்குத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செம்பு வெறுமை. திரும்ப நிரப்பினேன், அதுவும் வெறுமை. வாளி ஒரே ஒரு தரம். முழுக்கும் ஒன்று. உடம்பு தேறி வருகிறது போல. எனக்கும் ஆறுதல், இந்த மழைக்குள் கிணற்றடியில் நிற்க நெஞ்சு இழுக்கிறது. தொய்வுக் குளிசை முடியப்போகிறது, வாங்கவேண்டும்.

சுகிக்குச் செய்தி அனுப்பினேன்: அம்மா நன்றாகச் சாப்பிடுகிறா, குடிக்கிறா.

மற்றது மட்டும் இன்றும் இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. புவனம் திருநீறு கொண்டுவந்து தந்தாள். வாசலில் நின்று மலருக்கு என்ன மாதிரி என்று உரத்துக் கேட்டாள். எல்லாம் நல்ல மாதிரி என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வயிற்றுக் கதை வேலியைத் தாண்டினால் சந்தி வரைக்கும் போகும்.

காலையும் மாலையும் கஞ்சி. மாலைக் கஞ்சியில் பாதி மிச்சம். வயிறு நிரம்பிக் கிடக்குதாம். நிரம்பட்டும், நிரம்பினால் தள்ளும் என்று நினைத்தேன். நாளைக்கு மூன்று கரண்டி.

இரவல் கதிரையின் ஒரு கால் ஆடுகிறது. கடதாசி மடித்து வைத்தேன்.

நவம்பர் 15, சனி

இல்லை. வயிறு ஊதியிருக்கிறது. பின்னேரம் கஞ்சியைப் பார்த்ததும் சத்தி எடுத்தாள். கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். நோகுதோ என்று கேட்டால் இல்லை என்கிறாள். நோகுது என்பது நெற்றியில் தெரிகிறது.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. விடிய ஓட்டோ சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஆஸ்பத்திரி. மழைக்குள் ஓட்டோவில் ஏற்றி இறக்க ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் உதட்டைக் கடித்தாள்.

டொக்ரர் நாக்கைப் பார்த்தார். கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறா என்று கேட்டார். செம்பு செம்பாகக் குடிக்கிறா என்று நான் பெருமையோடு சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் மலரைப் பார்த்தார். மலர் கூரையைப் பார்த்தாள். பிறகு, வேறு என்ன கொடுத்தீர்கள் என்றார். சொல்லத்தான் வேண்டியிருந்தது. கஞ்சிக்குள் இசப்கோல், கடைசியாக மூன்று கரண்டி, அவவுக்குத் தெரியாமல்.

மலர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

"தண்ணி குடிக்காத ஆளுக்கு உதைக் குடுத்தால் உள்ளுக்கை கட்டியாய் இறுகும் ஐயா," என்றார் டொக்ரர்.

காய்ந்த நிலத்தில் உரத்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் இறைக்காமல் இருந்த கமக்காரர்களை நான் தோட்டத்திலேயே வைத்து ஏசியிருக்கிறேன். வெங்காயத்துக்கு எப்போது இறைக்கவேண்டும் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன்.

சேலைன் ஏற்றினார்கள். பிறகு எனிமா. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். திரை மட்டும்தான் நடுவில். மலரின் குரல் அப்படி வந்து நான் கேட்டதில்லை, சுகி பிறந்தபோதும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் உங்கடை ஆளோ என்று கேட்டார். நான் இல்லை என்பது போலத் தலையை ஆட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன்?

செய்தேன். எழுதிவைக்கிறேன்.

பின்னேரம் வீட்டுக்கு விட்டார்கள். வயிறு இறங்கிவிட்டது. இனிமேல் தண்ணீர் முதல், நார் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக என்று சொல்லி அனுப்பினார்கள்.

நவம்பர் 17, திங்கள்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. காலையில் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைக்காமல் கையில் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏனப்பா குடிக்கிறேல்லை?" என்று கேட்டேன்.

யன்னல் பக்கம் பார்த்தாள். யன்னல் கட்டிலோடு ஒட்டியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"வெளியிலை ஊத்தினீரோ?"

"ஓம்."

"ஏன்?"

"குடிச்சால் போகவேணும். போனால் நீங்கள் முழுகவேணும். கப்பி கத்துறது இஞ்சை கேக்குது. ஒவ்வொரு முறையும் என்னைத்தான் கழுவி ஊத்திற மாதிரிக் கிடக்கு. பிறகு வந்து இருமுறியள். அதையும் கேட்டுக்கொண்டு கிடக்கிறன்."

சாப்பாட்டைத் தள்ளியதும் அதற்குத்தானாம். கீரையும் குரக்கனும் வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியாததா? தெரிந்துதான் தொடவில்லை. இடியப்பமும் விசுக்கோத்தும் என்றால் வயிறு பேசாமல் கிடக்கும் என்று நினைத்தாளாம்.

நான் சொன்ன மறுமொழியை எழுதக் கை கூசுகிறது. "அது சாமிக்காகப்பா, உமக்காக இல்லை," என்றேன். தீட்சை, நியதி, அப்பா காலத்து வழக்கம் என்று இன்னும் கொஞ்சம் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மத்தியானம், இனி முழுகமாட்டேன் என்று சொன்னேன். ஒரு மிடறு குடித்தாள். ஒரே மிடறு.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று செய்த வேலை. வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே மழுப்பிவிடுவேன்.

காலையில் வாளி. ஊற்றிக் கழுவினேன். முழுகமாட்டேன் என்று சொன்னவன் நான். விளக்குக்கு நேரமாகிறது. சாமியறை வாசல் வரைக்கும் போனேன், கால் உள்ளே போகவில்லை. உடம்பெல்லாம் ஏதோ ஒட்டிக்கிடப்பது போல இருந்தது. திரும்பி, கப்பியடிக்குப் போகாமல் கக்கூசுக்குப் பின்னால் இருக்கிற குழாயடிக்குப் போனேன். சத்தம் வராமல் மெல்லத் திறந்து, குந்தியிருந்து, தலையில் வார்த்தேன். குழாய்த் தண்ணீர் சரிவராது என்றவன், அதையும் விட்டாயிற்று. துவட்டி, வேறு வேட்டி கட்டி, விளக்கு வைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் தேத்தண்ணியோடு போனேன்.

மலர் தேத்தண்ணியைத் தொடவில்லை.

"காதடியிலை ஈரம்," என்றாள்.

கள்ளன் பிடிபட்ட மாதிரி நின்றேன். மழைத்துமி என்று சொல்ல வாய் எடுத்தேன். வெளியே வெயில்.

அதற்குப் பிறகு அவள் சொன்னது. என் அம்மா கடைசிக் காலத்தில் இதே அறையில் பாயோடு கிடந்தவர். பார்த்தது மலர். பள்ளிக்கூடத்துக்கும் போய்க்கொண்டு பார்த்தாள்.

"மாமியை நான் ஒரு நாளும் முழுகிப்போட்டு வந்து பார்க்கேல்லை. எனக்கும் முழுகவேணும் போலதான் இருக்கும். மனுசி காது குடுத்துக்கொண்டு கிடக்கும். கப்பிச் சத்தம் கேட்டால் விளங்கிப்போடும். அதாலை பின்பக்கம் போய் கை காலை மட்டும் கழுவிப்போட்டு வந்திடுவன்."

நான் சால்வையால் காதடியைத் துடைத்தேன்.

"அந்தக் கையாலைதான் உங்களுக்குச் சோறும் போட்டன். சாமிக்குப் பூவும் ஆய்ஞ்சு தந்தன். நீங்கள் வைச்சனீங்கள்."

சத்தம் போடவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல்தான்.

நவம்பர் 19, புதன்

வெயில். வேட்டிகள் எல்லாம் கொடியில்.

நேற்று முதலில் வந்தது கோபம். வெட்கம் பிறகுதான். இத்தனை காலம் நான் வைத்த பூ, செய்த பூசை எல்லாம் அப்படியா என்று மனதுக்குள் அவளோடு சண்டை பிடித்தேன். அம்மாவை அவள் எப்படிப் பார்த்தாள் என்று அந்த நாட்களில் ஒருதரமாவது கேட்டேனா? அறைவாசலில் நின்று "அம்மா, எப்பிடி?" என்று கேட்பேன். அம்மா சுகம் என்பார். நான் மோட்டார்சைக்கிளில் ஏறிப் போய்விடுவேன். அந்த அறை ஒரு நாளும் மணத்ததில்லை. அம்மாவும் ஒரு நாளும் குறுகிக் கிடந்ததில்லை, கடைசி மட்டும் மலரை அதிகாரம் பண்ணிக்கொண்டுதான் கிடந்தார். அது எப்படி நடந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. என் நியதி தவறாமல் நடந்தது, அது போதுமாக இருந்தது.

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் இல்லை.

இனி இசப்கோல் போட்டால் சொல்லிவிட்டுப் போடுவேன் என்றேன். போட வேண்டாம், முருங்கையிலையைச் சரியாக வறுக்கப் பழகுங்கோ என்றாள். கட்டிலில் கிடந்தபடியே சொல்லித்தந்தாள்: காம்பு நீக்கு, தேங்காய்ப்பூவைக் கடைசியில் போடு, மூடாதே. இந்த முறை வறை பச்சையாகவே இருந்தது. சிவப்பரிசிச் சோற்றோடு கொஞ்சம் சாப்பிட்டாள். கதலி வாழைப்பழம் பாதி. தண்ணீர் அரைச் செம்பு, என் கண் முன்னால்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போய் இருந்தேன். கால் வீக்கம் வற்றியிருக்குது போல என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

வாளிக்கு ஒரு தரம் மெல்லக் கூப்பிட்டாள். ஊற்றினேன். பின்பக்கம் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கால் கழுவினேன். முழுகவில்லை. ஆனால் மாலை விளக்கு வைக்கவில்லை. சாமியறைக் கதவைச் சாத்தியே விட்டேன். இருட்டிய பிறகு மலர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு செம்பைத் தள்ளி வைத்தாள். இதுவும் பிழை. முழுகினாலும் பிழை, விளக்கை விட்டாலும் பிழை. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நவம்பர் 20, வியாழன்

நல்ல வெயில். புதுச் செருப்பு காலைக் கடிக்கிறது.

காலையில் மலர் கூப்பிட்டாள். தூக்கி இருத்தினேன். யன்னலைச் சாத்தவா என்று கேட்டேன், காற்று வரட்டும் என்றாள். கன நேரம் இருந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நானும் முகத்தைத் திருப்பவில்லை.

போனது. தானாக, மருந்து இல்லாமல். அவள் கண்ணில் தண்ணீர். நோவுக்கோ என்னவோ, கேட்கவில்லை.

வாளியை ஊற்றிக் கழுவினேன். கை கால் கழுவினேன். நேரே சாமியறைக்குள் போனேன். திரியைத் தூண்டி விளக்கை ஏற்றினேன். தேவாரம் தொடங்கினேன். வழக்கத்தைவிட உரக்கவே பாடினேன், அவளுக்குக் கேட்கவேண்டும் என்று.

திருநீற்றோடு போய் அவள் நெற்றியில் பூசினேன். கையை எட்டி என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். மயிருக்குள் விரலை விட்டு, பின்கழுத்து வரைக்கும் தடவிப் பார்த்தாள். காய்ந்துதான் கிடந்தது.

"உமக்குத்தானப்பா அந்த முழுக்கு," என்றேன். "சாமிக்கு இல்லை. நான் அருவருத்தனான். அதுதான் உண்மை."

"தெரியும்," என்றாள். செம்பைக் கேட்டாள். ஒரு செம்பு முழுக்கக் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள்.

குசினிக்குள் போய் நின்று அழுதேன். பிறகு உலை வைத்தேன்.

இப்போது மத்தியானம். சோறு வடித்தாயிற்று, வறைக்கு இலை ஆய்ந்தபடி இதை எழுதுகிறேன். புவனம் வேலியடியில் நின்று யாரோடோ கதைத்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே இருந்து மலர் கூப்பிடுகிறாள், "இஞ்சாருங்கோ, வாளி," என்று, பள்ளிக்கூடத்துக் குரலில். வேலிக்கு அங்காலும் கேட்கும். கேட்கட்டும்.